அருங்காட்சியகத்தில் நின்ற எங்கள் வீட்டுக் கதவு

பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

மற்றவர்களுக்கு அது பட்டுப்புடவை வாசனை, கல்யாண வாசனை. எனக்கு அது ஒரு கூடத்தின் வாசனை. புதுச் சுண்ணாம்பு, வார்னிஷ், மூலைக்கு மூலை கொட்டிவைத்த அந்துருண்டை. எல்லாவற்றுக்கும் அடியில், மூச்சை இழுத்துத் தேடினால் மட்டும் கிடைக்கிற கொள்ளிடத்துச் சேறு. எத்தனை முறை துடைத்தாலும் மரம் அதை விடாது.

அந்தக் கூடத்தில், சிவப்புக் கயிறு கட்டியிருக்கிற இரும்புக் கால்களுக்கு இந்தப் பக்கம் நானும் அஞ்சலை அத்தையும் நிற்கிறோம். அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கதவு நிற்கிறது.

கதவு மட்டும்தான். சுவர் கிடையாது, கூரை கிடையாது. புதிதாக ஒரு நிலைச்சட்டம் செய்து, அதில் கீல் அடித்து, உயிரோடு இருக்கிற கதவைப்போல நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஊர்க்காரர்களின் இன்னும் ஆறு கதவுகள். மேலே ஒரு பெரிய பலகை.

"படி தமிழு, என்னா எழுதியிருக்கான்?"

படித்தேன். "தொலைதூரத் தீவு மக்களின் வாழ்வியல். நாணல்திட்டு."

"தொலைதூரமா? யாருக்கு?"

"நமக்குத்தான் அத்தை."

"நம்ம வீடு நமக்கு எப்புடிடி தொலைவாவும்? இவன் ஆபீசுதான் தொலைவு. மூணு பஸ்ஸு மாறியில்ல வந்திருக்கோம்!"

கூடத்தில் அத்தையின் குரல் எதிரொலித்தது. காவலாளி முக்காலியில் இருந்தபடி எட்டிப் பார்த்தார்.

இரண்டு கைகளுக்கு நடுவில்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்லூரி விடுதிக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே கிடக்கட்டும். கதவு வந்து வழியை மறித்தால் நான் என்ன செய்வேன்?

கொள்ளிடம் கடலை நெருங்குகிற இடத்தில், களைத்துப்போனவளைப்போல இரண்டு கைகளையும் விரித்துக் கிடக்கும். அந்தக் கைகளுக்கு நடுவில் நாணல்திட்டு. கோடையில் தெற்குக் கையை முழங்கால் தண்ணீரில் கடந்துவிடலாம். ஐப்பசி கார்த்திகையில் படகு இல்லாமல் நகர முடியாது. கத்தரி, சோளம், வாழை, கோரை, ஆடு மாடு, கெண்டை மீன். அம்மா இல்லாத எனக்கு அத்தையின் வீடுதான் வீடு. அப்பா கரைவேட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் கேட்கப் போனவர். ஒரு மேடைக்கு முன்னால் நின்று எனக்குத் தமிழரசி என்று பெயர் வாங்கி வந்தார். வேறெதுவும் அவருக்கு அங்கிருந்து கிடைக்கவில்லை.

திட்டு முழுக்க ஆற்றுப் புறம்போக்கு. ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனுக் கொடுத்தோம். இந்தக் கொடி வந்தது, அந்தக் கொடி வந்தது, பட்டா வரவில்லை. காகிதம் தராத ஊரில் ஒரு மனை யாருடையது என்று எதைக் காட்டிச் சொல்வது?

கதவைக் காட்டித்தான்.

தாழ்ப்பாள்

இதைச் சொல்ல இன்னும் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் எல்லோரும் கரையில் ஒரு பண்ணையில் இருந்தார்கள். பண்ணையாட்களின் குடிசைக்குக் கீற்றுத் தட்டிதான். மரக்கதவு வைக்கக் கூடாது. தாழ்ப்பாள் போடுகிறவன் உள்ளே என்ன செய்கிறான் என்று பண்ணைக்கு எப்படித் தெரியும்? எந்த நேரத்திலும் காரியக்காரன் தட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவான். தூங்குகிறவர்களை எழுப்பி வயலுக்கு ஓட்டுவான்.

ஓர் அறுவடையில் கூலி நெல் கூடக் கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் பெண்டு பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கி, யாருக்கும் வேண்டாத அந்த மணல் திட்டில் ஏறினார்கள்.

அந்த வருடத்து வெள்ளம் மரம் மரமாக உருட்டிக்கொண்டு வந்தது. பிடித்துக் கரையேற்றிய மரத்தை அறுத்து அவர்கள் முதலில் செய்தது கட்டிலோ படகோ இல்லை. கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. சுவர் எழும்புவதற்கு முன்பே நட்டுவைத்த நிலையில் கதவை மாட்டி, தாத்தா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கினாராம். நான்கு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் அவரை ஒருத்தரும் எழுப்பவில்லை.

இன்றைக்கும் இதை எழுதும்போது எனக்குத் தலை நிமிர்கிறது.

அதன்பின் அது வழக்கமாயிற்று. வெள்ளம் ஏறினால் முதலில் கழற்றுவது கதவை. நெல்லும் ஆடும் அதற்கப்புறம். கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் இருப்பார். கரைக்காரர் என்போம். அவர் கதவை வாங்கி ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் அவரே கொண்டுவந்து, தன் கையால் நிலையில் மாட்டி, அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

சாப்பிடுவதுதான் முக்கியம். கரையில் நிலம் வைத்திருக்கிற ஆள் எங்கள் வீட்டுச் சோற்றில் கை வைக்க வேண்டும். அதற்கு மூஞ்சி சுளிக்கிறவர்களிடம் யாரும் கதவைக் கொடுக்க மாட்டார்கள்.

பொங்கலுக்குள் கதவு நிற்காத மனை ஊருக்குப் பொது. யாரும் கேட்கலாம், முதலில் கேட்டவனுக்கு. பழைய கதவை இழந்தவன் புதுக் கதவு செய்து மாட்டினால் அவனும் புதுக்குடிதான். முன்னால் கேட்டவர்கள் எடுத்தது போக மிஞ்சுகிற ஆற்றோரப் பள்ளம்தான் அவனுக்குக் கிடைக்கும். அடுத்த வெள்ளத்தில் முதலில் கரைவது அதுதான்.

ஜீப்பில் போன கதவுகள்

அந்த ஐப்பசியில் தண்ணீர் சொல்லாமல் வந்தது. அத்தையின் கரைக்காரர் ரைஸ்மில் வைத்திருந்த பெரியவர். மில்லை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். இன்னும் சிலருக்கும் அதே கதிதான். ஆளாளுக்குக் கதவைத் தூக்கிக்கொண்டு கரைப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினார்கள்.

அங்கேதான் அருங்காட்சியக ஜீப் வந்தது. காப்பாட்சியர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தூசி பட்டால் தும்முவார். கதவுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் எடுத்துக்கொண்டு போகட்டுமா, நல்ல இடத்தில் வைப்போம் என்றார்.

வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் ஏன், எதற்கு, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தோன்றவே இல்லை. வெள்ளத்தில் ஒருவன் வந்து கதவைக் கையில் வாங்கினால் அவன் கரைக்காரன். கரைக்காரன் என்றால் திருப்பிக் கொண்டுவருவான். இதில் பேச என்ன இருக்கிறது? அத்தையே ஒரு பக்கம் பிடித்து ஜீப்பின் மேல் ஏற்றிவிட்டாள்.

தண்ணீர் வடிந்தது. திட்டுக்குத் திரும்பினார்கள். கார்த்திகை முழுக்கப் படகுத்துறையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் அத்தை மீன் குழம்பு வைத்துவிடுவாள். சத்தம் வேறு பக்கம் திரும்பிப் போகும். குழம்பை நாங்கள் சாப்பிடுவோம்.

மார்கழியில், வாசலுக்குச் சாக்குப்படுதா தொங்கிய அத்தை வீட்டுக்கு முன்னால், செங்கல் சூளைக்காரர் வந்து நின்றார். கரையில் இரண்டு சூளை அவருக்கு. திட்டு மேட்டில் வெள்ளம் படியவிட்ட களிமண்மீது ரொம்ப நாளாகவே கண். யார் ஆட்சியில் இருந்தாலும் அந்தக் கொடி அவர் காரில் பறக்கும்.

"அஞ்சல, சட்டம் பேச வரல நான். ஒங்க ஊரு வழக்கந்தான் பேசுறேன். பொங்க அன்னிக்குக் கதவு நிக்காத மனை பொதுவு. அப்புடித்தான?"

"ஆமாங்க."

"ஒனக்குக் கதவு இல்ல. இன்னும் ஆறு பேருக்கு இல்ல. எனக்கு இருக்கு. ஷட்டரே செஞ்சு வச்சிருக்கேன், இரும்புல. மேட்டு மேல மாட்டிக்கிறேன்."

அன்று அவர் போனபின் அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆடு மேய்க்கக்கூடப் போகவில்லை. சாக்குப்படுதாவை ஒருதரம் விலக்கினாள், திரும்ப விட்டாள். பிறகு, "கெளம்பு. கதவு எங்கருக்குன்னு பாத்துட்டு வருவம்" என்றாள்.

வாசலில் ஏன் நிற்கிறாய்?

அப்படித்தான் அந்தக் கூடத்தில் போய் நின்றோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டர் பொம்மைப் பெண் கோரைப்பாய் முடைந்துகொண்டிருந்தாள். வெயிலே படாத ரோஸ் நிறம். அத்தை அவளைச் சுற்றிப் பார்த்தாள். "இவ எந்த வீட்டு மருமவ? வந்து ஒரு நாழிகூட ஆவல போலருக்கு. இன்னும் புடவை கசங்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். சிவப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போனாள். கதவைத் தள்ளினாள். கீல் முனகியது. நிலையைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வா தமிழு. வாசல்ல ஏன் நிக்கிற?"

போனேன்.

காவலாளி ஓடிவந்தார். "ஏம்மா! ஏம்மா! கயித்தத் தாண்டக் கூடாது. எந்திரிங்க!"

"என் கதவு எங்க நிக்கிதோ அதானுங்க என் வீடு. நீங்க இங்க நிறுத்தியிருக்கீங்க. நான் இங்க குடிவந்துட்டேன்."

"இது கவர்மெண்டு எடம்மா."

"அங்கயும் கவர்மெண்டு எடம்னுதான் சொல்றாங்க. எனக்குப் பழக்கந்தான். நீங்க உள்ள வாங்க, செருப்ப மட்டும் கழட்டிட்டு."

காவலாளி காப்பாட்சியரைத் தேடிப் போனார். அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். அத்தை அவர்களைப் பார்த்தாள். "வாங்க கண்ணுங்களா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" தூக்குவாளியில் கொண்டுவந்த தண்ணீரை நீட்டினாள். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர், இதுவும் காட்சியில் ஒன்று போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டார். கயிற்றுக்கு வெளியே குட்டிச் செருப்புகள் குவிந்தன. ஒரு பெண்குழந்தை அந்தப் பொம்மையைக் காட்டி, "இவங்களுக்குத் தண்ணி?" என்றது. "அவ விரதம்டி" என்றாள் அத்தை.

காப்பாட்சியர் வந்தார். தும்மினார்.

"என்னம்மா இது? கதவ நீங்களேதான கொடுத்தீங்க?"

"ஆமாங்க சார். வெள்ளத்துக்குக் கொடுத்தேன். வெள்ளம் வடிஞ்சு எத்தன நாளாச்சு? வருவீங்க வருவீங்கன்னு கொழம்பு வச்சு வச்சு ஆத்துல மீனே தீந்துபோச்சு."

"அது சேகரிப்புல சேந்துருச்சும்மா. மந்திரி வந்து தொறந்துவச்ச கூடம் இது. இனிமே எடுக்க முடியாது."

"எடுக்க வேணாங்க. இங்கயே நிக்கட்டும். நானும் இங்கயே இருக்கேன். அடுப்பு மட்டும் எந்தப் பக்கம் போடலாம்னு சொல்லுங்க."

"போலீசக் கூப்புட வேண்டி வரும்."

பிள்ளைகள் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எழுந்தாள். பிள்ளைகளை மெதுவாக வெளியே அனுப்பினாள். என் கையைப் பிடித்து உள்ளே நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் போட்டாள்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரும்பு மரத்தில் இறங்குகிற சத்தம். கூடத்தின் நான்கு மூலைக்கும் போய்வந்தது.

யாரு?

எங்களுக்கு இடப்பக்கம் வெளி. வலப்பக்கம் வெளி. பின்னால் வெளி. காவலாளி இரண்டு அடி வைத்தால் எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து பிடித்துவிடலாம். அத்தை கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். பயந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். கை மட்டும் தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை.

பண்ணைக் காரியக்காரன் தட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்த காலத்தில் அவள் குழந்தை.

காவலாளி காலடி எடுத்து வைப்பது கேட்டது. "இரு" என்றார் காப்பாட்சியர். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு தும்மல்கூட.

அப்புறம் கதவு தட்டப்பட்டது. விரல் முட்டியால், மெதுவாக.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். சுவரே இல்லாத வீட்டின் கதவை ஒருவர் தட்டுகிறார்.

"யாரு?"

"நான்தாம்மா. காப்பாட்சியர்."

"என்ன விஷயமா வந்தீங்க?"

அந்தப் பக்கம் ஒரு தும்மல்.

"கதவ உங்க வீட்ல கொண்டுவந்து மாட்டணும்னு வந்தேம்மா."

அத்தை தாழ்ப்பாளைத் திறந்தாள்.

காப்பாட்சியர் காவலாளியிடம், "மரத்துல பூச்சி தெரியுது. பராமரிப்புக்கு வெளிய போவுது. வேனை எடுக்கச் சொல்லு" என்றார். அந்தக் கதவில் ஒரு பூச்சியும் கிடையாது. எங்கள் யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் தட்டினார், ஏன் சுற்றிக்கொண்டு வரவில்லை என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை. பிறகு கேட்க வாய்க்கவும் இல்லை.

ஒரு வாய்

மறுநாள் மதியம், படகில் கதவைப் படுக்கவைத்து அதன்மேல் குடை பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார் காப்பாட்சியர். பொங்கலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. திட்டு மேட்டில் சூளைக்காரர் ஆட்களோடு மண்ணைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே துறைக்கு ஓடிவந்தது.

காப்பாட்சியருக்கு ஆணி பிடிக்கத் தெரியாது. இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டார். யாரும் உதவவில்லை. உதவக் கூடாது. கரைக்காரர் கைதான் மாட்ட வேண்டும். கதவு லேசாகச் சாய்ந்துதான் நின்றது. நின்றது.

சூளைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது செல்லாது. இவரு ஆபீசரு. கரையில எந்த வீட்டுக்காரரு?"

"எங்க வழக்கத்துல எந்த வீடுன்னு கேக்க மாட்டோம், சூளைக்காரரே. சாப்புடுவாரா மாட்டாரா, அத மட்டுந்தான் கேப்போம்." அத்தை இலையைப் போட்டாள்.

காப்பாட்சியர் உட்கார்ந்தார். கெண்டை மீன் குழம்பு. முள் எடுக்கத் தெரியாமல் திணறினார். காரத்தில் கண்ணீர் வழிந்தது. இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அத்தை இன்னோர் இலையை எடுத்து அவருக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"நீங்களும் வாங்க, சூளைக்காரரே. வழக்கந்தான் பேசுவேன்னீங்களே. புதுக்குடி வர்ற ஆளு ஊருல எல்லா வீட்டுலயும் ஒரு வாய் சாப்புடணும். ஒங்க அப்பாரு காலத்துலேருந்து எங்க வீட்டுத் தண்ணிகூட நீங்க தொட்டதில்ல. என் வீட்டுல ஆரம்பிங்க. இன்னிக்குள்ள எல்லா வீடும் முடிச்சிடலாம்."

ஊர் முழுக்க அந்த இலையையே பார்த்தது. சூளைக்காரரின் முகம் அவர் சூளைச் செங்கல் மாதிரி ஆயிற்று. குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எதுக்குச் சாப்புடணும்? என் ஆளு நாலு பேரு வந்து சாப்புடுவான். அவனுங்க பேருல கதவு நிக்கும். இன்னும் ஆறு மனை காலியாத்தான கெடக்கு? பொங்க வரட்டும்."

சொல்லிவிட்டு அவர் படகுக்கு நடந்தார். அத்தை அந்த இலையை எடுத்து எனக்குப் போட்டாள்.

துறையில்

சாயங்காலம் காப்பாட்சியரைக் கரையில் கொண்டுபோய் விட்டோம். படகை அத்தைதான் தள்ளினாள். கதவு இல்லாத அந்த ஆறு வீட்டுப் பெண்களும் கூடவே ஏறிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருத்தி கையில் தூக்குவாளி. ஒருத்தி ஒரு சின்ன மண்ணடுப்பைத் துணியில் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

காப்பாட்சியர் அந்தப் பாய்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். வேன் வரைக்கும் வேகமாக நடந்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபின் திரும்பினார். விரலில் கட்டுப் போட்டிருந்தது.

"அம்மா, இன்னிக்கு ஒண்ணு எப்படியோ ஆயிடுச்சு. மத்த ஆறு கதவையும் கேக்காதீங்க. என் வேலையே போயிடும். நிச்சயமா முடியாது."

"கேக்க மாட்டோங்க சார்" என்றாள் அத்தை. ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அவர் வேனில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். அத்தை ஜன்னலண்டை போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"காலையில எத்தன மணிக்குங்க தொறப்பீங்க?"